ஆங்கில இலக்கண அடிப்படை: தமிழில் யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளியில் படித்த ஆங்கில இலக்கணம் பாதி மறந்துபோய், வேலைக்காகவோ பிள்ளைக்குச் சொல்லித்தருவதற்காகவோ மறுபடி அதைத் தொடுகிறவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆங்கில ஒலியில், தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) எட்டா, ஒன்பதா? ஒரு புத்தகத்தில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு இருக்கிறதே?

இரண்டையும் எழுதலாம். இந்த எண்ணிக்கை ஆங்கிலத்துக்கென்று யாரும் உட்கார்ந்து எண்ணிப் போட்டதில்லை. டயோனீசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணத்தில் சொற்கள் எட்டு வகை. அதை ரோமானியர்கள் லத்தீனுக்கு எடுத்துக்கொண்டபோது ஒரு வகை உதைத்தது: லத்தீனில் ஆங்கிலத்தின் 'எ', 'தி' மாதிரியான ஆர்ட்டிகிளே கிடையாது. அதை விட்டுவிட்டு, 'ஓ', 'வாவ்' மாதிரியான இன்டர்ஜெக்‌ஷனைத் தனி வகையாக்கினார்கள். கணக்கு எட்டாகவே நின்றது. பிற்பாடு ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள் இந்த லத்தீன் அச்சைத்தான் முன்னால் வைத்துக்கொண்டார்கள். 1795இல் வெளிவந்து பல தலைமுறைப் பிள்ளைகளின் கையில் இருந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம், ஆர்ட்டிகிளைத் தனியாக வைத்து ஒன்பது என்றது.

இன்று பள்ளிப் பாடங்களில் வழக்கமாக வரும் எட்டு: நவுன் (பெயர்ச்சொல்), ப்ரோநவுன் ('ஹி', 'ஷி' மாதிரி பெயருக்குப் பதில் வருவது), வெர்ப் (வினைச்சொல்), அட்ஜெக்டிவ் (பெயரை விவரிப்பது), அட்வெர்ப் (வினையை விவரிப்பது), ப்ரிபொசிஷன் ('இன்', 'ஆன்' மாதிரி), கன்ஜங்ஷன் ('பட்', 'பிகாஸ்' மாதிரி இணைப்பது), இன்டர்ஜெக்‌ஷன். 'எ', 'அன்', 'தி' மூன்றையும் சிலர் அட்ஜெக்டிவுக்குள் போடுவார்கள். இப்போதைய மொழியியலாளர்கள் 'திஸ்', 'மை', 'சம்' போன்றவற்றோடு சேர்த்து டிட்டர்மினர் என்பார்கள். தேர்வில் உங்கள் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள். பேசும்போது யாரும் எண்ணப் போவதில்லை.

நம் தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு முடித்துக்கொள்கிறது. அதிலும் பெயரும் வினையும்தான் முதன்மை என்கிறது. ஆங்கிலம் கற்கிறவருக்கும் அந்தப் பார்வை நன்றாகவே உதவும் என்பது என் எண்ணம்.

ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அது நவுனா வெர்பா என்று சொல்ல முடியுமா?

பல சொற்களில் முடியாது. தனியாக நிற்கும் ஆங்கிலச் சொல்லுக்கு வகை நிச்சயமில்லை. எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் வகை.

நமக்கு நன்றாகத் தெரிந்த 'ரவுண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்று நேர்முகத் தேர்வின் முதல் சுற்றைச் சொன்னால் அது நவுன். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் மேசையின் வடிவத்தைச் சொல்லும் அட்ஜெக்டிவ். 'டர்ன் ரவுண்ட்' என்றால் எப்படித் திரும்புவது என்று காட்டும் அட்வெர்ப். 'ரவுண்ட் தி கார்னர்' என்பதில் ப்ரிபொசிஷன். கடைக்காரர் பில் தொகையை 'ரவுண்ட்' செய்தால் வெர்ப். ஒரே சொல்லுக்கு ஐந்து வேலை.

தமிழில் 'சுற்று', 'சுற்றினான்', 'சுற்றி' என்று ஈறு மாறிக்கொண்டே வரும். அதைப் பார்த்தே நாம் வகையைக் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஈறு பெரும்பாலும் இல்லை, இடம்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி: 'தி' போட்டு அதோடு நிறுத்த முடிந்தால் நவுன். 'கேன்' அல்லது 'வில்' என்பதற்கு அடுத்து உட்கார்ந்தால் வெர்ப். 'தி' என்பதற்கும் நவுனுக்கும் நடுவில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். நூற்றுக்கு நூறு பலிக்காது. ஆனாலும் விளக்கங்களை மனப்பாடம் செய்வதைவிட வேகமாக வேலைக்கு ஆகும்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? நவுன்தான் எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம்.

வெர்பிலிருந்து தொடங்குங்கள். நவுன் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டேபிள், பஸ், போன், லீவு என்று நாள் முழுக்க அதைத்தானே பேசுகிறோம். வாக்கியம் உடைவது வெர்பில்தான்.

காரணம் இது. 'என் அண்ணன் டாக்டர்.' தமிழில் இது முழு வாக்கியம், ஆனால் இதில் வினைச்சொல்லே இல்லை. 'இது என் வீடு', 'அவள் ரொம்ப நல்லவள்', 'நாளைக்கு லீவு' எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் வெர்ப் இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'மை பிரதர் டாக்டர்' என்றால் புரியும், ஆனால் உடைந்த ஆங்கிலம். 'மை பிரதர் இஸ் எ டாக்டர்' என்று 'இஸ்' வந்தே ஆக வேண்டும். 'டுமாரோ லீவு' என்பதும் 'டுமாரோ இஸ் எ ஹாலிடே' ஆக வேண்டும். அதனால்தான் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' ஐந்தையும் முதல் வாரத்திலேயே பழகிவிடச் சொல்வேன்.

அடுத்தது சப்ஜெக்ட், அதாவது எழுவாய். 'வந்துட்டேன்' என்றால் வந்தது நான் என்று அந்த 'ஏன்' ஈறே சொல்லிவிடுகிறது. ஆங்கில வெர்பில் ஆளைக் காட்டும் ஈறு கிட்டத்தட்ட இல்லாததால், 'ஐ ஹேவ் கம்' என்று ஆளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல ஆளே இல்லாத இடத்தில்கூட ஒரு சப்ஜெக்டைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். 'மழை பெய்யுது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்'. 'மணி ஆறு' என்பதற்கு 'இட் இஸ் சிக்ஸ்'. இந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள். எதையும் குறிக்கவில்லை, சப்ஜெக்டின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார்ந்திருக்கிறது.

'எனக்கு' என்று வரும் இடத்திலெல்லாம் 'டு மீ' போடலாமா?

போடாதீர்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும்போது அதிகம் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இலக்கணப் புத்தகங்களோ இதைக் கண்டுகொள்வதே இல்லை.

நமக்கு நேர்கிற விஷயங்களைத் தமிழ் 'கு' உருபில் சொல்கிறது: எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குக் காய்ச்சல், எனக்கு ஒரு தங்கை, எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் இவற்றில் பெரும்பாலானவற்றை 'ஐ' என்றே தொடங்கும்: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ லைக் இட்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்', 'ஐ ஹேவ் எ சிஸ்டர்', 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. இவற்றுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. பசி, தாகம், தூக்கம், பயம் என்ற நிலைகளுக்கு 'ஐ ஆம்'. நோய், உறவு, உடைமைக்கு 'ஐ ஹேவ்'. தெரிவது, புரிவது, பிடிப்பது, வேண்டியிருப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி வெர்ப்: 'நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், நீட்'.

'எனக்கு இங்கிலீஷ் வராது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'இங்கிலீஷ் வில் நாட் கம் டு மீ' என்று வாய் வரை வரும். 'ஐ கான்ட் ஸ்பீக் இங்கிலீஷ்' என்று அதை நிறுத்திவிட்டீர்கள் என்றால், அந்த வாக்கியமே பொய்யாகிவிடும்.

சொல் வரிசை மாறினால் அவ்வளவு பெரிய தவறா? தமிழில் எப்படி மாற்றினாலும் புரிகிறதே.

தமிழில் 'கண்ணன் முருகனை அடித்தான்', 'முருகனைக் கண்ணன் அடித்தான்', 'அடித்தான் கண்ணன் முருகனை', எப்படிச் சொன்னாலும் அடி வாங்கியது முருகன்தான். 'ஐ' உருபு அவனை விடாமல் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'கண்ணன் ஹிட் முருகன்' என்பதை 'முருகன் ஹிட் கண்ணன்' என்று மாற்றினால் அடித்தவனே மாறிவிடுகிறான். வெர்புக்கு முன்னால் இருப்பவர் செய்தவர், பின்னால் இருப்பவர் பட்டவர். அவ்வளவுதான் விதி, ஆனால் அது இரும்பு விதி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபு மாதிரி ஈறுகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தன. ஈறு செய்த வேலையை வரிசை எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ப்ரோநவுனில்தான்: 'ஹி' என்றால் செய்தவன், 'ஹிம்' என்றால் அவனை, 'ஹிஸ்' என்றால் அவனுடைய. 'ஹிம் இஸ் மை ஃப்ரெண்ட்' ஏன் தவறு என்று இப்போது தெரிந்திருக்கும்.

காலம் மூன்றுதானே? 12 டென்ஸ் எங்கிருந்து வந்தது?

மூன்று காலத்தை நான்கு விதமாகப் பெருக்கியதில் வந்தது. சிம்பிள், கன்டின்யூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யூவஸ் என்பவை அந்த நான்கு. செயல் எப்போது என்பது காலம்; அது நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பது அதன் நிலை. தமிழிலும் இது உண்டு: சாப்பிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். நாம் அட்டவணை போட்டுப் படித்ததில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் ஆங்கில வெர்ப் தன் வடிவத்தை மாற்றிக் காட்டும் காலம் இரண்டே: 'வாக்', 'வாக்ட்'. எதிர்காலத்துக்குத் தனி வடிவம் கிடையாது. 'வில்' மாதிரி ஒரு துணை வெர்பைக் கூட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டையும் ஒன்றாகப் பழக வேண்டாம். சிம்பிள் ப்ரெசன்ட், சிம்பிள் பாஸ்ட், ப்ரெசன்ட் கன்டின்யூவஸ், ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட், 'வில்' ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் அலுவலகப் பேச்சுக்குப் பெரும்பாலும் போதும். இவற்றில் நாம் தடுமாறுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, கன்டின்யூவஸை எங்கும் தூவுவது. 'டெய்லி ஐ ஆம் கோயிங் பை பஸ்' என்கிறோம். தினமும் நடப்பதற்கு சிம்பிள் ப்ரெசன்ட்தான்: 'ஐ கோ பை பஸ் எவ்ரி டே'. தெரிவது, வைத்திருப்பது, பிடிப்பது போன்றவை செயல்களாக இல்லாமல் நிலைகளாக இருப்பதால் அவற்றுக்கு 'இங்' ஒட்டாது. 'ஐ ஆம் நோயிங் ஹிம்' இல்லை, 'ஐ நோ ஹிம்'. 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' இல்லை, 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்'. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி, ஏனென்றால் அங்கே 'ஹேவ்' சாப்பிடும் செயலைச் சொல்கிறது.

இரண்டு, ப்ரெசன்ட் பெர்ஃபெக்டோடு முடிந்துபோன நேரத்தைச் சேர்ப்பது. 'போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் சீன் ஹிம்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். எப்போது என்று சொல்லிவிட்டால் சிம்பிள் பாஸ்டுக்கு மாற வேண்டும்: 'ஐ சா ஹிம் லாஸ்ட் இயர்'. 'எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019' எதுவும் 'ஹேவ்' பக்கத்தில் வராது.

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது தவறு என்கிறார்கள். இறந்தகாலம்தானே சொல்கிறோம்?

இறந்தகாலம்தான், ஆனால் அதை ஒருமுறை காட்டினால் போதும். 'டிட்' வந்தவுடனேயே இறந்தகாலம் பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வரும் வெர்ப் வெறும் முதல் வடிவத்தில் நிற்க வேண்டும்: 'ஐ டிட் நாட் கோ'. கேள்வியிலும் இதேதான்: 'வேர் டிட் யு கோ?' 'டஸ்' வந்தாலும் அப்படியே: 'ஹி டஸ் நாட் கோ', 'டஸ் ஷி நோ?' அந்த 'எஸ்' ஒலியை 'டஸ்' வாங்கிக்கொண்டதால் வெர்புக்கு இன்னொரு 'எஸ்' தேவையில்லை. 'கேன், வில், ஷுட், மஸ்ட்' இவற்றுக்குப் பின்னாலும் முதல் வடிவம்தான். 'ஹி கேன் ஸ்பீக்ஸ்' என்று வராது.

அப்புறம், 'கோ' எப்படி 'வென்ட்' ஆனது என்று கேட்பார்கள். அது 'கோ'வின் வடிவமே இல்லை. கிட்டத்தட்ட அதே பொருளுள்ள வேறொரு வெர்பின் இறந்தகால வடிவம். 'கோ' அதைச் சுவீகரித்துக்கொண்டது. இப்படி விதிக்கு அடங்காத வெர்புகள் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இருநூறு. தொல்லை என்னவென்றால், தினமும் வாயில் வரும் 'கோ, கம், ஈட், சீ, டேக், கிவ், சே, கெட்' எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதிகம் புழங்குவதால்தான் பழைய வடிவம் மாறாமல் தப்பித்தது. இவற்றுக்கு மட்டும் மனப்பாடத்தைத் தவிர வேறு வழியில்லை.

'எஸ்' சேர்த்தால் ஒருமையா, பன்மையா?

நவுனில் சேர்த்தால் பன்மை, வெர்பில் சேர்த்தால் ஒருமை. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்'. பொதுவாக இரண்டில் ஒருவரிடம்தான் 'எஸ்' இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் கோவை' என்பதில் நண்பர்கள் பன்மை, பேச்சு ஒருவரைப் பற்றி என்பதால் 'இஸ்'. 'எவ்ரிபடி' எல்லோரையும் குறித்தாலும் 'இஸ்'. 'பீப்பிள்', 'போலீஸ்' இரண்டுக்கும் 'ஆர்'. 'நியூஸ்' பார்க்கப் பன்மை மாதிரி இருந்தாலும் 'இஸ்'.

மரியாதைப் பன்மை ஆங்கிலத்தில் இல்லை. அப்பாவானாலும் கலெக்டரானாலும் 'ஹி இஸ்'தான்.

'அவர்' என்பதற்கு 'ஹி'யா, 'ஷி'யா?

ஆள் யார் என்று தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். 'டாக்டர் வந்துட்டாரா?' என்று தமிழில் கேட்கும்போது அந்த டாக்டர் ஆணா பெண்ணா என்று யோசிக்க வேண்டியதில்லை. தெரியாத இடத்தில் ஆங்கிலத்திலும் ஒரு வழி உண்டு: 'தே'. ஒருவரைக் குறிக்க 'தே' சொல்வது புதுப்பழக்கம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே அது இருக்கிறது. 'யு' என்பதும் முதலில் பன்மையாக இருந்து, 'நீ' என்ற பொருளுள்ள 'தௌ'வைத் துரத்திவிட்டு ஒருமைக்கும் வந்த சொல்தான். அதனால்தான் ஒருவரிடம் பேசினாலும் 'யு ஆர்'.

எ, அன், தி: எங்கே எது?

முதல் இரண்டையும் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த சொல் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் கணக்கு. உயிரொலியில் தொடங்கினால் 'அன்', மற்றதற்கு 'எ'. நம் ஊர்ச் சுருக்கெழுத்துகளிலேயே சோதிக்கலாம்: 'அன் எஃப்ஐஆர்', 'அன் எம்எல்ஏ', 'அன் எஸ்ஐ', 'அன் ஐஏஎஸ் ஆபீசர்'. எஃப், எம், எஸ் மூன்றும் மெய்யெழுத்துகள்தான். ஆனால் வாயில் 'எ' என்று தொடங்குகின்றன. மறுபக்கம் 'எ யுனிவர்சிட்டி', 'எ யூபிஐ ஐடி', 'எ ஒன்வே ஸ்ட்ரீட்'. எழுத்து உயிர்தான், ஒலி 'ய', 'வ'.

'தி' கொஞ்சம் ஆழமான விஷயம். ஆங்கில எழுத்தில் வேறெந்தச் சொல்லையும்விட அதிகம் வருவது இதுதான். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பவருக்கும் தெரியும் என்றால் 'தி', தெரியாது என்றால் 'எ'. 'ஐ பாட் எ பைக். தி பைக் இஸ் ரெட்.' முதலில் 'ஒரு பைக்', அடுத்த முறை 'அந்த பைக்'. 'அந்த' என்று சேர்த்துப் பார்த்து, தமிழில் இடிக்காவிட்டால் அநேகமாக 'தி' போடலாம். ஆனால் 'சூரியன்', 'பிரதமர்' மாதிரி எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கு நாம் 'அந்த' சொல்லமாட்டோம், ஆங்கிலம் 'தி' போடும்.

ஊர்ப் பெயர், ஆள் பெயருக்கு முன்னால் வேண்டாம். ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் வேண்டும்: 'தி காவேரி', 'தி ஹிமாலயாஸ்', 'தி நீலகிரிஸ்'. ஒற்றைச் சிகரத்துக்கு இல்லை, 'மவுண்ட் எவரெஸ்ட்' வெறுமனே நிற்கும்.

'ஃபர்னிச்சர்ஸ்' என்று கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறதே?

பலகையில் இருக்கட்டும். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட் இவற்றை ஆங்கிலம் தண்ணீர், அரிசி மாதிரி எண்ண முடியாதவையாகவே கருதுகிறது. 'எஸ்' சேராது, 'அன் அட்வைஸ்' என்றும் வராது. எண்ணியே ஆக வேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'.

இன், ஆன், அட் மூன்றும் குழப்புகின்றன. விதி உண்டா?

உண்டு, முக்கால்வாசிக்கு. குழப்பத்துக்குக் காரணம் நம் 'இல்' உருபு. பெட்டியில், சுவரில், வாசலில், திங்கட்கிழமையில், ஜூலையில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' நமக்குப் போதும். ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. உள்ளே என்றால் 'இன் தி பாக்ஸ்'. பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'ஆன் தி வால்'. ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட் தி கேட்'. நேரத்திலும் இதே அளவுதான்: நீண்ட காலத்துக்கு 'இன் ஜூலை', 'இன் 2024', ஒரு நாளுக்கு 'ஆன் மண்டே', கடிகார நேரத்துக்கு 'அட் சிக்ஸ்'. 'இன் தி மார்னிங்' என்று சொல்லிவிட்டு 'அட் நைட்' என்பார்கள். அதற்கு விதி தேடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ், கார் விஷயம் எல்லோரும் கேட்பது. எழுந்து நடமாடக்கூடிய வண்டிக்கு 'ஆன்': 'ஆன் தி பஸ், ஆன் தி ட்ரெயின்'. உள்ளே உட்கார மட்டும் முடிகிறதற்கு 'இன்': 'இன் தி கார், இன் அன் ஆட்டோ'. இரு சக்கர வண்டியில் ஏறி உட்காருகிறோம், அதனால் 'ஆன் எ பைக்'.

தேவையில்லாத இடத்தில் ப்ரிபொசிஷன் சேர்ப்பதும் நம்மிடம் உண்டு. 'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'ரீச்ட் டு சென்னை' வேண்டாம், 'ரீச்ட் சென்னை'. 'மேரீட் வித்' இல்லை, 'மேரீட் டு'. 'இரண்டு வருஷமாக' என்பதற்கு 'ஃபார் டூ இயர்ஸ்'; '2020லிருந்து' என்பதற்கு 'சின்ஸ் 2020'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதிய மின்னஞ்சல்களைக் காணாத அலுவலகம் நம் ஊரில் இருக்க வாய்ப்பில்லை.

வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாதாமே?

முடிக்கலாம். 'வேர் ஆர் யு ஃப்ரம்?' என்பதை வேறெப்படிக் கேட்பீர்கள்? 1672இல் கவிஞர் ஜான் ட்ரைடன், தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் இதைக் குற்றமாகச் சுட்டிக்காட்டினார். பிறகு வந்த வாத்தியார்கள் அதை விதியாக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் பேசினார்கள், இப்போதும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

'எல்ஒய்' வந்தால் அட்வெர்ப் என்று படித்தேன். எப்போதும் அப்படியா?

பெரும்பாலும். 'ஸ்லோ' அட்ஜெக்டிவ், 'ஸ்லோலி' அட்வெர்ப்; தமிழில் 'ஆன', 'ஆக' மாதிரி. அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். ஆனால் 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' இரண்டு வேலையும் பார்க்கும். 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் புழக்கத்திலேயே இல்லை. 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வேலையே பார்ப்பதில்லை. மேலாளர் பற்றி எழுதும்போது கவனம்.

அட்ஜெக்டிவ்கள் வரிசையாக வந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு: கருத்து, அளவு, வயது, நிறம், ஊர், பொருள். 'எ நைஸ் நியூ கிரீன் காஞ்சிபுரம் சில்க் சாரி' என்பதைக் கலைத்து 'எ சில்க் கிரீன் நியூ' என்று சொன்னால் அர்த்தம் மாறாது, ஆனால் காதில் இடறும். ஒப்பிடும்போது 'பெட்டர்' தனியாகவே போதும், 'மோர் பெட்டர்' வேண்டாம்.

கன்ஜங்ஷனில் என்ன பிரச்சினை வந்துவிடப் போகிறது?

ஒரு ஜோடிக்கு ஒன்றுதான். 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட்' என்பதில் 'ஆல்தோ' அல்லது 'பட்', ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். 'பிகாஸ்' வந்தால் 'சோ' வேண்டாம். இன்டர்ஜெக்‌ஷன் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க ஒன்றும் இல்லை: 'ஓ', 'வாவ்', 'அவுச்'.

'டு யு நோ வேர் இஸ் தி பேங்க்?' என்று கேட்டால் திருத்துகிறார்களே?

நேர்க்கேள்வியில் 'வேர் இஸ் தி பேங்க்?' சரி. அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டால் சாதாரண வரிசைக்குத் திரும்ப வேண்டும்: 'டு யு நோ வேர் தி பேங்க் இஸ்?' 'ஐ டோன்ட் நோ வாட் ஹி வான்ட்ஸ்' என்பதும் அப்படித்தான், நடுவில் 'டஸ்' வராது. ஒரு வாக்கியத்தில் கேள்வி வரிசை ஒருமுறைதான்.

'டுடே மார்னிங்', 'மைசெல்ஃப் ரவி', 'ப்ரீபோன்' எல்லாம் தவறா? எல்லோரும் சொல்கிறார்களே.

மூன்றும் ஒரே தட்டில் வராது. 'ப்ரீபோன்' (முன்கூட்டியே நடத்துவது) இந்திய ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்கி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கும் சொல். நம் ஊரில் கூச்சமில்லாமல் சொல்லலாம். வெளிநாட்டுக்காரரிடம் 'கேன் வி மூவ் தி மீட்டிங் அப்?' என்று கேட்டால் அவர் விழிக்கமாட்டார். 'டுடே மார்னிங்' இங்கே எல்லோருக்கும் புரியும், ஆனாலும் 'திஸ் மார்னிங்' என்பதுதான் எங்கும் செல்லும். 'எஸ்டர்டே நைட்' என்பதைவிட 'லாஸ்ட் நைட்'தான் வழக்கம். 'மைசெல்ஃப் ரவி' மட்டும் வேண்டாம். சப்ஜெக்டின் இடத்தில் 'மைசெல்ஃப்' தனியாக உட்காராது, அந்த வாக்கியத்தில் வெர்பும் இல்லை. நேர்முகத் தேர்வில் வாய் திறந்ததும் வரும் முதல் வாக்கியம் அது என்பதால் இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்: 'ஐ ஆம் ரவி.'